பூட்டு அண்ணன் உள்ளே போன கதை

மார்பக நோய்ப் பிரிவின் வாசலில் காவலுக்கு நின்றவருக்கு நர்சுகள் வைத்த பெயர் பூட்டு அண்ணன். ஆண்களுக்கு அனுமதி இல்லை என்று கதவில் எழுதியிருந்ததை அவர் அளவுக்கு நம்பியவர் அந்த ஆஸ்பத்திரியில் யாரும் கிடையாது. குழாய் உடைந்தபோது பிளம்பரையே, தண்ணீர் கணுக்கால் வரை ஏறிய பிறகுதான் உள்ளே விட்டார்.

அப்படிப்பட்ட மனுஷனுக்கு இடது மார்புக் காம்பின் பின்னால் ஒரு கட்டி. கொழுப்பாக இருக்கும் என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டு மாதக்கணக்கில் ஓட்டினார். சீருடையில் ரத்தக்கறையைப் பார்த்த மகள்தான் கையைப் பிடித்து இழுத்து வந்தாள்.

அன்று வாசலில் நின்றது அவரே சிபாரிசு செய்து சேர்த்துவிட்ட மைத்துனன்.

"ஆம்பளைங்க உள்ள போகக்கூடாது மாமா."

"எனக்குத்தான்டா காட்டணும்."

"யாரு என்ன கதை சொன்னாலும் நம்பாதேன்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க?"

பூட்டு அண்ணனுக்குக் கோபம் வரவில்லை. பயல் வேலையில் சுத்தம் என்று பெருமையாகக்கூட இருந்தது. "அவன் சொல்றது சரிதாம்மா, வா போலாம்" என்று திரும்பியவரை மகள் முதுகில் கைவைத்து உள்ளே தள்ளினாள்.

உள்ளே கம்ப்யூட்டர் மக்கர் பண்ணியது. ஆண் என்று போட்டால் அடுத்த பக்கத்துக்கு நகர மாட்டேன் என்று அடம். பதிவு செய்கிற அம்மாள் வேறு வழியில்லாமல் பெண் என்று போட்டார். உடனே அது மாதவிடாய் நின்ற வயது என்ன என்று கேட்டது. பூட்டு அண்ணன் நன்றாக யோசித்து, "அம்பதுன்னு போட்டுக்குங்கம்மா" என்றார்.

டாக்டரம்மா மெல்லிய ஊசியால் கட்டியிலிருந்து செல்களை உறிஞ்சி, கண்ணாடித் துண்டில் தேய்த்து, மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். புற்றுநோய்தான். ஆண்களுக்கு இது வருவது அபூர்வம் என்பதால், டாக்டருக்குப் படிக்கிறவர்களெல்லாம் வரிசையில் வந்து அந்தக் கண்ணாடித் துண்டை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஒருவர் கைகூடக் குலுக்கினார். பிறந்ததிலிருந்து யாரும் தன்னை அபூர்வம் என்று சொன்னதில்லை, சொன்னதும் இதற்கா என்று அவருக்கு வெறுத்துப்போனது.

மார்பை எடுத்துவிட்டார்கள். அதையும் தாங்கிக்கொண்டார். பிறகு ரத்தத்தில் மரபணுச் சோதனை செய்து, இந்த நோயைக் கொண்டுவரும் மரபணுப் பிழை பரம்பரையாக வந்தது, அது பிள்ளைக்கும் போயிருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றார்கள். அங்கேதான் ஆள் உடைந்தார். ஒருவரையும் உள்ளே விடாமல் காலமெல்லாம் நின்றவர், இதைத் தன் கையாலேயே பெற்ற மகளுக்குக் கொடுத்துவிட்டோமே என்று வராந்தாவில் உட்கார்ந்து அழுதார்.

மகளுக்கும் சோதனை செய்தார்கள். அவளுக்கும் அந்தப் பிழை இருந்தது.

"என்னாலதாம்மா வந்துச்சு."

"உங்களாலதாம்பா தெரிஞ்சுது. நீங்க வெட்கப்பட்டு வீட்லயே உக்காந்திருந்தா, எனக்கும் கட்டி வந்தப்புறம்தான் தெரிஞ்சிருக்கும். இப்போ வருஷா வருஷம் ஸ்கேன் பண்ணிப் பாத்துக்கலாம்."

பூட்டு அண்ணன் வேலைக்குத் திரும்பினார். மனைவியைக் கூட்டிவரும் ஒவ்வொரு கணவனிடமும், "அவங்களுக்கா, உங்களுக்கா?" என்று கேட்க ஆரம்பித்தார். பலர் சண்டைக்கு வந்தார்கள். மேலதிகாரியிடம் புகாரும் போனது.

நேற்று அப்படித்தான் ஒருவர், "என்னைப் பாத்தா எப்படித் தெரியுது?" என்று காட்டுக் கத்தல் கத்திவிட்டு, மனைவியோடு போய்விட்டார். சற்றுப் பொறுத்துத் தனியாகத் திரும்பி வந்து, தலை குனிந்து நின்றார்.

பூட்டு அண்ணன் கதவைத் திறந்துவிட்டு, அவர் காதோரம் சொன்னார்: "உள்ள கம்ப்யூட்டரு மாதவிடாய் நின்ன வயசு கேக்கும். அம்பதுன்னு சொல்லிடுங்க."