புங்க எண்ணெய் குடித்த கடைசி அத்தியாயம்

மூன்று வருஷம் நான் ஒரு நாவலையும் தொடவில்லை. வைராக்கியம் ஒன்றும் இல்லை. கடைசியாகப் படித்த நாவலில் கதாநாயகனுக்கு இருமல் வந்தது. இருபதே பக்கத்தில் ஆள் போய்விட்டான். மறுநாள் எனக்கும் இருமல். தோல் பதனிடும் எங்கள் தோல்ஷாப்பில் சுண்ணாம்புக் குழிப் பக்கம் வேலை செய்கிற எவனுக்கும் இருமல் வரும் என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன பயன்? ஒரு மாதம் கஷாயம் குடித்தேன். நான் போனால் யார் யாருக்குச் சொல்லி அனுப்ப வேண்டும் என்று ஒரு ஜாபிதா எழுதி என் மனைவியிடம் கொடுத்தேன். அவள் அதை வாங்கி அடுப்பில் வைத்தாள். அந்தக் கஷாயம் மட்டும் நன்றாகக் கொதித்தது.

பிறகு ஓர் ஐப்பசியில் அடைமழை பிடித்தது. ஏலகிரிப் பக்கம் மேகம் இறங்கினால் ஆம்பூரில் தோல் காயாது. தோல் காயாவிட்டால் எங்களுக்கு வேலை கிடையாது. வீட்டில் உட்கார்ந்து, கூரை எந்த மூலையில் முதலில் விழும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மொறச்சி மொறச்சியே அத வுழ வெச்சிடுவ போலகீது" என்றாள் மனைவி. "எங்கனா போய் ஒரு புஸ்தகமாவது எடுத்துனு வாய்யா. ஒரே பேஜாரு."

ஊரில் புத்தகம் இரவல் தருகிற இடம் ஒன்றே ஒன்று, கடைத்தெரு வாசகசாலை. அதை நடத்தியவர் ஓய்வுபெற்ற வாத்தியார். நாலாம் வகுப்போடு நின்றவனுக்கு எந்த வாத்தியாரைப் பார்த்தாலும் கை தானாகக் கட்டிக்கொள்ளும். அவர் என்னைப் பார்ப்பதற்கு முன்பே மோந்துவிட்டார்.

"தோல்ஷாப்பா? எடுத்துட்டுப் போ. ஆனா ஒரு பக்கம் பாழாச்சின்னாலும் பேரை அடிச்சிடுவேன். அப்புறம் இந்தப் படி ஏறப்படாது."

அன்று முதல் அந்த மாதம் முழுவதும் எனக்கு இரண்டு வேலை. ஒன்று படிப்பது, மற்றொன்று பேரை அடித்துவிடுவாரோ என்று நடுங்குவது. இரண்டாவதைத்தான் சிரத்தையாகச் செய்தேன்.

மழை விடுவதற்குள் ஏழு நாவல் முடித்தேன். அவற்றில் நான் கண்ட உலகம் நல்ல உலகம். அங்கே யாருக்கும் வேலை கிடையாது, ஆனால் எல்லாருக்கும் பலகாரம் உண்டு. கடிதம் எழுதினால் அது தப்பான ஆள் கையில்தான் கிடைக்கும். நம் தபால்காரரே மேல். கதை விறுவிறுப்பாகும் இடமாகப் பார்த்து ஆசிரியர் உள்ளே நுழைந்து, "அன்பான வாசகரே, கற்பே பெண்ணுக்கு அணிகலன்" என்று இரண்டு பக்கம் புத்தி சொல்வார். நான் அந்த இரண்டு பக்கமும் கதாநாயகி என்ன ஆனாளோ என்று நகம் கடித்துக்கொண்டிருப்பேன். வியாதி வந்தவர்களை எல்லாம் நான் தாண்டிவிடுவேன். அதனால் சில நாவல்களில் நல்ல மனிதர்கள் திடீரென்று காணாமல் போனார்கள். விசாரிக்கவில்லை.

ஏழாவது புத்தகம்தான் வினை. ஆட்டுத்தோல் அட்டை போட்ட தடித்த நாவல். படித்து முடித்துத் திருப்பித் தரப் புறப்பட்டேன். பாதி வழியில் குடை மடங்கி, அட்டை நனைந்துவிட்டது. வீட்டுக்கே திரும்பினேன். வேறு எவனாக இருந்தாலும் துணியால் துடைத்து வைத்திருப்பான். நான் விஷயம் தெரிந்தவன் அல்லவா? ஈரத்தோலை எண்ணெய் காட்டாமல் காயவிட்டால் வெடிக்கும் என்பது எங்கள் ஷாப்பின் வேதம். புங்க எண்ணெயை எடுத்து, பதினைந்து வருஷத் தொழில் அனுபவத்தையும் உள்ளங்கையில் சேர்த்து, அட்டை முழுக்கத் தேய்த்துப் படுக்க வைத்தேன்.

காலையில் அட்டை ராஜாவாக இருந்தது. தோல் போக மிச்ச எண்ணெயைக் கடைசி அத்தியாயம் குடித்திருந்தது. இந்தப் பக்கத்து எழுத்தும் அந்தப் பக்கத்து எழுத்தும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, ஒரு வரிகூடப் புரியவில்லை.

வாத்தியார் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "புஸ்தகத்துக்கும் பதம் போட்டியா?" என்று கேட்டுக்கொண்டே பேரேட்டைத் திறந்து என் பெயரைத் தேடினார்.

"சார், நான் முழுசும் படிச்சிட்டேன் சார். கடைசி அத்தியாயம் மனசுல இருக்குது. எழுதித் தர்றேன் சார்."

வாய் முந்திக்கொண்டது. அவர் பேனாவை நிறுத்தினார். "ரெண்டு நாள். பிழை இருந்தா ஒன்னையும் அடிப்பேன், ஒம் பேரையும் அடிப்பேன்."

வீட்டில் தாளும் பென்சிலுமாக உட்கார்ந்தேன். கதை எளிது. பழி தாங்காத கதாநாயகி கிணற்றில் குதிக்கிறாள், சாகிறாள், எல்லாரும் அழுகிறார்கள். மூன்று தரம் அவளைக் கிணற்றடி வரை கூட்டிப் போனேன். மூன்று தரமும் பென்சிலைக் கூராக்க எழுந்துவிட்டேன்.

"இன்னா எழுதற?" என்று கேட்டாள் மனைவி. சொன்னேன்.

"அந்தக் கிணத்துல கவுறு இல்லியா?"

"இருக்கும்."

"புடிச்சினு ஏறி வர்றதுக்கு இன்னா? நானே ரெண்டு வாட்டி ஏறி வந்துகிறேன்."

எப்போது, எதற்காக விழுந்தாள் என்று கேட்கத் தைரியம் வரவில்லை. கதாநாயகியை ஏறவிட்டேன்.

மூன்றாம் நாள் வாத்தியார் என் தாள்களை நின்றபடியே படித்தார். நான் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று பார்த்து வைத்துக்கொண்டேன்.

"இவ செத்துப் போவா இல்ல?"

"கயிறு இருந்திச்சி சார்."

அவர் உட்கார்ந்து பேனாவைத் திறந்தார். ஒன்பது எழுத்துப் பிழைகளைத் திருத்தி, பசை தடவி, தாள்களை ஒட்டினார். அடியில், "இந்த அத்தியாயம் தோல்ஷாப்பு ஆள் எழுதியது" என்று என்னையே எழுத வைத்தார். பேரேட்டை மூடினார். என் பெயர் உள்ளேயே இருந்தது.

தை மாதம் அந்தப் புத்தகத்தை மறுபடி புரட்டினேன். கதாநாயகி எட்டு நாள் சோறு தண்ணீர் இல்லாமல் இரும்புப் பெட்டிக்குள் கிடந்து, சிரித்துக்கொண்டே வெளியே வருகிற இடம் ஒன்று நடுவில் உண்டு. அதன் ஓரத்தில், "பேஷ்!" என்று யாரோ பென்சிலால் எழுதியிருந்தார்கள். என் அத்தியாயத்தில், அவள் கயிற்றைப் பிடித்து ஏறும் இடத்தில், அதே கையெழுத்து: "இதை யார் நம்புவார்?"