தோல் போன குழாய்

அப்பா காவேரிக்குப் போய்க் குளிக்க மாட்டார். அங்கே மீன் கடிக்கும். போதாததற்குப் படித்துறையில் தெரிந்தவர்கள் பிடித்துக்கொண்டு, பிரமோஷன் வந்ததா, பெண்ணுக்கு வரன் அமைந்ததா என்று குடைவார்கள். மீனாவது கொஞ்ச நேரத்தில் விட்டுவிடும் என்பார். அந்தப் பெண் நான்தான்.

அதற்காகவே, கன்டோன்மென்ட்டில் ஒரு வெள்ளைக்காரர் காலி செய்துபோன பங்களாவில் குளியல் தொட்டி ஒன்றை ஏலத்தில் எடுத்து, மாட்டு வண்டியில் ஏற்றி, பாலம் தாண்டி ஸ்ரீரங்கத்துக்குக் கொண்டுவந்தார். சிங்கக் கால் வைத்த இரும்புத் தொட்டி. எதிர்வீட்டு மாமா அதைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "மாடு எப்ப வரது?" என்று கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமையானால் அப்பா அதில் படுத்துக்கொண்டு பேப்பர் படிப்பார். வாரம் முழுக்க ஆபீசில் வாங்கிய திட்டெல்லாம் அதில் கரைந்துபோகும். மனுஷனுக்கு இருந்த ஒரே சுகம் அது. அம்மாவோ மடி ஆசாரம் பார்ப்பவள். கிணற்றடி தவிர வேறெங்கும் குளிக்க மாட்டாள்.

"அழுக்குல ஊறறதுக்குப் பேர் தீர்த்தமாடறதா?" என்பாள்.

ஒருநாள் தொட்டிக் குழாய் ஒழுக ஆரம்பித்தது. ரிப்பேர்க்காரர் வந்து குழாயைக் கழற்றி, உள்ளிருந்து கறுப்பாக ஒரு வில்லையை எடுத்தார்.

"வாஷர் தேஞ்சுபோச்சுங்க."

"அது என்னதுப்பா?" என்று அம்மா எட்டிப் பார்த்தாள்.

"அசல் மாட்டுத் தோலுங்கம்மா. புதுசு கொண்டாந்திருக்கேன்" என்றார், பெருமையாக.

அம்மா அப்பாவைப் பார்த்தாள். "ஏன்னா, இத்தனை நாளா மாட்டுத் தோலை அலம்பின தீர்த்தத்துல ஊறிட்டா பெருமாளைச் சேவிச்சேள்?"

குழாய்க்குள் தோல் போனால் வீட்டை விட்டுத் தான் போவதாகச் சொல்லிவிட்டாள். அப்பா விடுவாரா? பழைய சைக்கிள் டியூபை வட்டமாக நறுக்கிக்கொண்டு ஓடிவந்தார்.

"தெருவெல்லாம் உருண்ட ரப்பரா?"

"இது உள் டியூப்டீ! தெருவைக் கண்ணால பார்த்ததில்லை!"

"செருப்புக் காலோட ஏறின வண்டிதானே?"

தோலும் ஆகாது, ரப்பரும் ஆகாது என்றானதும் ரிப்பேர்க்காரர் உள்ளே எதையும் போடாமலே குழாயை முடுக்கிவிட்டுப் போய்விட்டார். அதுவரை சொட்டிய குழாய் இப்போது கொட்டியது. தொட்டி நிரம்பி வழிந்து, தண்ணீர் கொல்லை வாழைக்கு ஓடியது.

அம்மா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். குழாயில் தோல் இல்லை. தண்ணீரும் நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது. அவள் முகம் மெல்லத் தெளிந்தது.

"ஓடற தீர்த்தத்துக்குத் தோஷமில்லை" என்று தீர்ப்புச் சொன்னாள். தேங்கிவிடக் கூடாதென்று தொட்டியின் அடைப்பானைப் பிடுங்கிக் கொல்லையில் எறிந்தாள். மறுநாளிலிருந்து அவள் குளியல் அங்கேதான். மடிப் புடவையும் அங்கேயே காய்ந்ததால் வேறு யாரும் உள்ளே கால் வைக்க முடியாது.

ஞாயிற்றுக்கிழமை அப்பா துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. சிரிப்பையும் அடக்க முடியவில்லை. குடத்தை எடுத்துக்கொண்டு நானும் கூடவே போனேன். படித்துறையில் எதிர்வீட்டு மாமா சரியாகப் பிடித்துக்கொண்டார்.

"என்ன ஓய், உம்ம ஆத்துலதான் தொட்டி இருக்கே?"

இடுப்பளவுத் தண்ணீரில் ஒரு காலை உதறிவிட்டு அப்பா சொன்னார்: "அங்கே காவேரி வந்துடுத்து ஓய். அதான் நான் இங்கே வந்துட்டேன்."