பட்டியலில் உள்ளபடி

நாசமாய்ப் போகட்டும் என்று நினைத்தபடியே ஒரு மனிதருக்கு நான் பேரிங் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் மன்னிப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலே அவர் முகம்தான் எதிரே வரும். நான் பாட்டுப் புத்தகத்தைப் புரட்ட ஆரம்பித்துவிடுவேன்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றின் ஸ்டோர்ஸில் ஆறு வருடம் கான்ட்ராக்டில் இருந்தேன். திருநின்றவூரிலிருந்து தினமும் ரயில். என் வேலை கிட் கட்டுவது. எந்த மெஷினைப் பிரித்து மாட்டப்போகிறார்களோ அதற்கான பட்டியல் மெயின்டனன்ஸிலிருந்து வரும். பேரிங், ஆயில் சீல், போல்ட், வாஷர் எல்லாவற்றையும் ரேக்கிலிருந்து எடுத்து, இரண்டு முறை எண்ணி, ஒவ்வொரு உறையிலும் என் கையெழுத்துப் போட்ட சீட்டைப் பின் அடித்து, ஒரே பெட்டியில் கொடுத்துவிடுவேன். அந்த மாதம் என்னை நிரந்தரமாக்கும் கடிதம் வரவேண்டியது. மேனேஜரே வாயால் சொல்லியிருந்தார்.

அப்போதுதான் அது நடந்தது. மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர் ஒரு திங்கட்கிழமை காலை மீட்டிங்கில், எல்லோரும் வட்டமாக நிற்கும்போது, கிட்டில் ஆயில் சீல் குறைந்ததால்தான் வேலை அரை நாள் நின்றது என்றார். "எண்ணத் தெரியாதவங்கள ஸ்டோர்ஸ்ல வெச்சுகினு நான் இன்னா சார் பண்றது?" நாற்பது பேர் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் எண்ணித்தான் வைத்தேன் என்றேன். யார் காதிலும் விழவில்லை. கடிதம் இன்னும் ஒரு வருடம் போகட்டும் என்று நிறுத்திவைக்கப்பட்டது.

பத்து நாள் கழித்து வேறொரு மெஷின் வேலையில் மிஞ்சிய சாமான்கள் ஸ்டோர்ஸுக்குத் திரும்பி வந்தன. அவற்றுக்கு நடுவே அந்த ஆயில் சீலின் காலி உறை கிடந்தது. என் சீட்டும் என் கையெழுத்தும் அதில் அப்படியே இருந்தன. என் பெட்டியிலிருந்து அவரே எடுத்து வேறு மெஷினுக்குப் போட்டிருக்கிறார். உறையைக் கொண்டுபோய் அவரிடம் காட்டினேன்.

"ஆமாம்மா, அவசரத்துக்கு எடுத்தேன். மறந்துபூட்ச்சு. இப்ப அதுக்கு இன்னா?"

"மீட்டிங்ல சொன்னீங்களே சார். அதே மீட்டிங்ல இதையும் சொல்லுங்க."

"இதுக்கு ஒரு மீட்டிங்கா? போம்மா, போய் வேலயப் பாரு."

சிரித்துக்கொண்டே சொன்னார்.  மேனேஜரிடமும் போனேன். அவர் போனில் பேசிக்கொண்டே அப்புறம் என்று கை காட்டினார். அந்த அப்புறம் வரவே இல்லை. நானும் கறுவிக்கொண்டே இருந்தேன்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த மனிதரின் பட்டியல்கள் பாதிக்குப் பாதி தப்பு. யாரோ எந்தக் காலத்திலோ அடித்துவைத்ததைத் தேதி மட்டும் மாற்றி அனுப்புவார். கன்வேயரின் கியர்பாக்ஸை மாற்றி இரண்டு வருடம் ஆகியிருந்தது. பட்டியலில் பழைய கியர்பாக்ஸின் 6205 பேரிங்தான் இருந்தது. புதிதுக்கு ஒரு சைஸ் பெரிய 6206 வேண்டும். புது கியர்பாக்ஸ் வந்து இறங்கியபோது அதன் புத்தகத்தைப் புரட்டிப் படித்தது நான் ஒருத்திதான். அதனால் சத்தமில்லாமல் சரியானதை வரவழைத்து, சரியானதையே கிட்டில் வைப்பேன். இப்படி இன்னும் பத்துப் பன்னிரண்டு மெஷின்கள். அவர் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காமல் கையெழுத்துப் போடுவார். தன் பட்டியல் சரி என்று மனதார நம்பிக்கொண்டிருந்தார்.

பொங்கல் விடுமுறையில்தான் கன்வேயரைப் பிரிப்பார்கள். அந்த வருடம் பட்டியல் வந்தது. 6206 வேண்டும் என்று நான் யாருக்கும் எழுதவில்லை. 6205 நான்கை எடுத்தேன், இரண்டு முறை எண்ணினேன், சீட்டுப் பின் அடித்தேன். 

மாட்டுப் பொங்கல் அன்று மதியம் ஃபிட்டர்கள் பேரிங்கைச் சூடுபண்ணி ஷாஃப்டில் ஏற்றப் பார்த்தார்கள். ஏறவே இல்லை. சூப்பர்வைசர் கத்திக்கொண்டே ஸ்டோர்ஸுக்கு வந்தார், பின்னாலேயே மேனேஜரும். நான் பட்டியலை எடுத்துக் கவுன்டரில் வைத்தேன். 6205, கீழே சூப்பர்வைசர் கையெழுத்து. ஊரில் ஒரு பேரிங் கடைகூடத் திறந்திருக்கவில்லை. விடுமுறை முடிந்தும் லைன் ஓடாது என்பது அங்கேயே எல்லோருக்கும் புரிந்துவிட்டது. அவர் முகம் செத்துப்போனது. அப்பாடா என்று இருந்தது எனக்கு.

மேனேஜர் பட்டியலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "போன வருஷமும் இதே லிஸ்ட்தானே? அப்போ எப்படி மாட்டினீங்க?" என்று சூப்பர்வைசரைக் கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, இது தப்புன்னு உங்களுக்குத் தெரியுமா?"

நான் பதில் சொல்வதற்குள் சூப்பர்வைசர் முந்திக்கொண்டார். "அதுக்கு இன்னா சார் தெரியும்? பையில போட்டுக் கட்டற வேல."

அவருக்கே தெரியாமல் எனக்கு ஒரு வழி காட்டிவிட்டார். ஆமாம் சார், எனக்கு என்ன தெரியும் என்று தலையாட்டினால் போதும். பழி முழுக்க அவர் தலையில் விழும், கடிதம் என் கைக்கு வரும். நன்றாகத் தெரிந்தேதான் வாயைத் திறந்தேன்.

"தெரியும் சார். 6206. அது மட்டுமில்ல, இவர் லிஸ்ட்ல எந்தெந்த மெஷினுக்கு எந்தெந்த நம்பர் தப்புன்னும் தெரியும். இவ்வளவு நாளா நான்தான் மாத்தி வெச்சேன். இந்தத் தடவ வெக்கல."

மாத முடிவில் என் கான்ட்ராக்டை நீட்டிக்கவில்லை. அவரைக் கன்வேயர் லைனிலிருந்து எடுத்து வேறு ஷெட்டுக்கு மாற்றினார்கள். சம்பளத்தில் ஒன்றும் குறையவில்லை. இப்போது கரையான்சாவடி பக்கம் ஒரு குடோனில் வாட்டர் ஃபில்டர் சாமான்களைப் பெட்டி போடுகிறேன். இதிலும் கான்ட்ராக்ட்தான்.

மெஷின்களை நிறுத்திப் பிரிக்கும் ஒவ்வொரு ஷட்டவுனுக்கும் முன்னால் பழைய கம்பெனியிலிருந்து ஃபிட்டர் ஒருவர் போன் பண்ணுவார். நல்ல மனுஷன், எனக்கு ஒரு கெடுதலும் செய்யாதவர். "அக்கா, சூப்பர்வைசர் விட்டுட்டுப் போன லிஸ்ட்டு ஒண்ணும் புரியல. அந்தப் பழைய பிரஸ்ஸுக்கு எந்த சீல் போடுவ நீ?"

"ஞாபகமில்லப்பா" என்பேன்.

போனை வைத்தபிறகு அந்த சீலின் நம்பரை வாய்க்குள் ஒரு முறை சொல்லிப் பார்த்துக்கொள்வேன். ஒரு எண்கூடப் பிசகாது.