சொக்துப் முற்றத்துப் பனித்தாமரை

எங்கள் ஊரில் மூலிகை பறிக்கும் சொக்துப், போன கோடையில் கணவாய்க்குத் தனியே போய்ப் பனிச்சரிவில் வழுக்கி விழுந்தான். அவன் மனைவி யூட்ரோன், இனி தன் தம்பி ரிக்சின் கூட வராமல் அவன் மலையேறவே கூடாது என்று சொல்லிவிட்டாள்.

ரிக்சின் தாழ்வான பள்ளத்தாக்குக்காரன். நடக்கத் தொடங்கினால் பாடுவான். பாட்டு நிற்காது. சேற்றில் மாட்டிய யாக் எருமையின் குரல்.

அதைத் தாங்க முடியாத சொக்துப், ஊரார் அறுவடையில் இருந்த நாளில் நழுவிப்போய், தான் பறித்து விற்கும் பனித்தாமரை மூலிகையின் கன்றுகளை உச்சியிலிருந்து வேரோடு பெயர்த்துவந்து முற்றத்தில் நட்டான். செடி வீட்டிலேயே வளர்ந்தால் மலை எதற்கு, மச்சான் எதற்கு?

வளர்ந்தது. அதுதான் வினை. மேலே காற்றுக்கு அஞ்சி, பஞ்சு போன்ற வெண்முடியைப் போர்த்திக்கொண்டு தரையோடு ஒட்டிக் கிடக்கும் செடி, கீழே வெதுவெதுப்பு கண்டதும் முடியை உதிர்த்துவிட்டு நெடுநெடுவென்று நின்றது.

"ஏன்யா, பட்டணத்துக்குப் போன உன் தம்பி மாதிரியே ஆயிடுச்சே!" என்றாள் யூட்ரோன்.

சொக்துப் விடியற்காலையில் அதன் மேல் ஆற்றுநீரை ஊற்றினான். மலைக்காற்று வேண்டுமே என்று எதிரில் குந்தி ஊதினான். தலைசுற்றி அவன்தான் விழுந்தான். கடைசியில் வெண்ணெய் தடவி ரோமம் ஒட்டினான். அது யாக் ரோமம் என்று ஊரில் சொல்வது தவறு, ஆட்டு ரோமம்.

வைத்தியர் தம்பா மென்று பார்க்காமல் எந்த மூலிகையையும் வாங்க மாட்டார். இதையும் நெடுநேரம் மென்றார். பல்லிடுக்கிலிருந்து ரோமத்தை இழுத்துக்கொண்டே, "கசப்பையே காணோமேடா. வெண்ணெய் மட்டும் நல்லாருக்கு. கொஞ்சம் பார்லி மாவு கொண்டா, பிசைஞ்சு சாப்பிட்டுடலாம்" என்றார்.

"வீட்டுல வளந்த செடிங்கய்யா, அதான் சாதுவா இருக்கு."

"குளிர்ல அடிபட்டாத்தான்டா அதுக்குள்ள மருந்து ஏறும். மேல போய்ப் பறிச்சிட்டு வா. மறக்காம மச்சானையும் கூட்டிட்டுப் போ!"

மறுநாள் கிளம்பினார்கள். ஆற்றங்கரையில் ரிக்சின் முழுப்பாட்டும் பாடினான். ஊசியிலைக் காடு முடிந்து குட்டைப் புதர்கள் தொடங்கியதும் பல்லவி மட்டும். புல்வெளியில் முனகல். கணவாயில் கற்களுக்கிடையே, கம்பளியைத் தலைவரை இழுத்துப் போர்த்தி, முழங்காலைக் கட்டித் தரையோடு ஒடுங்கிவிட்டான். பக்கத்தில் ஒரு பனித்தாமரையும் அதே கோலத்தில் இருந்தது.

"பாடலையா மச்சான்?"

ரிக்சின் தலையை மட்டும் ஆட்டினான். சொக்துப் பறித்து முடித்ததும், "பைதான் நெறஞ்சிடுச்சே மாமா, எறங்கலாமா?" என்று மூச்சு வாங்கினான்.

"என்ன அவசரம்?" என்று கல்லில் சாய்ந்து வெண்ணெய்த் தேநீர்க் குடுவையைத் திறந்தான் சொக்துப். "இன்னொரு பை கொண்டாந்திருக்கேன்."