‘கிளம்பிட்டேன்’ என்றால் எத்தனை நிமிடம்

கடையில் எல்லோரும் அவரைக் கறார் என்றுதான் கூப்பிடுவார்கள். காய்கறிக் கடையில் பேரம் பேச வாய் வராத மனிதருக்கு இந்தப் பெயரை வாங்கிக் கொடுத்தது அவர் எழுதும் நிரல். வாஷிங் மெஷினும் ஃபிரிட்ஜும் ரிப்பேர் பார்க்கும் அந்தக் கடையில் கம்ப்யூட்டர் வேலை முழுக்க அவர் தலையில்.

அவர் நிரல் எழுதும் ஜாவாஸ்கிரிப்ட் பெருந்தன்மையான கம்ப்யூட்டர் மொழி. எண் கேட்ட இடத்தில் எழுத்தைக் கொடுத்தாலும் முகம் சுளிக்காமல் வாங்கிக்கொள்ளும். கறாருக்கு அது பிடிக்காது. இங்கே எண்தான் வரலாம், இங்கே இன்னின்ன சொற்கள்தான் வரலாம் என்று ஒவ்வொன்றுக்கும் டைப் எழுதிப் பூட்டிவிடுவார். வீட்டில் மனைவி என்ன சமைக்கட்டும் என்று கேட்டால் “ஏதாவது” என்பவரும் இவரேதான்.

கடைக்கு ஒரு தீராத நோய் இருந்தது. மெக்கானிக் எங்கே என்று வாடிக்கையாளர் கேட்பார். கறார் மெக்கானிக்குக்கு போன் போடுவார். மெக்கானிக் வேறு யாருமல்ல, மனைவியின் தம்பி. “கிளம்பிட்டேன் மாமா” என்பான். பின்னால் வாளியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்கும்.

கறார் சில மாதம் காதைத் தீட்டிக்கொண்டு கவனித்தார். ‘இதோ’ என்றால் முக்கால் மணி நேரம். ‘பக்கத்துலதான் இருக்கேன்’ என்றால் ஊரின் மறுகோடி. எல்லாவற்றையும் சேர்த்து ஒரு பேக்கேஜ் கட்டினார், எந்த நிரலிலும் அப்படியே பொருத்திக்கொள்ளும் சின்ன நிரல். மெக்கானிக் சொன்ன சொல்லைக் கொடுத்தால் உண்மையான நிமிடம் வெளியே வரும். அவர் அனுமதிக்காத சொல்லை எழுதினால் திரையில் சிவப்புக் கோடு விழும். ‘பார்க்கலாம்’ என்பதற்கு மட்டும் எண் இல்லை. ஒருக்காலும் நடக்காது என்பதற்கென்றே ஒரு டைப் உண்டு, அதை மாட்டிவிட்டார்.

உலகத்தில் யாரும் எடுத்துப் பொருத்திக்கொள்ளலாம் என்று அதைப் பொதுவில் வெளியிட்ட அன்று கடையே அவர் நாற்காலியைச் சுற்றி நின்றது. கறார் பட்டனைத் தட்டினார். வெளியாகிவிட்டது என்று ஒரு வரி வந்தது. மச்சினன் திரையை எட்டிப் பார்த்தான்.

“அவ்வளவுதானா மாமா? நான் பல்பு மாட்டினாக்கூட வெளிச்சமாவது வரும்.”

வாடிக்கையாளர்களுக்கு அதிலிருந்து உண்மையான நேரம் குறுஞ்செய்தியில் போனது. நெகிழ்ந்துபோனார்கள். இப்படி ஒரு நேர்மையான கடையா என்று போனில் வாயாரப் புகழ்ந்துவிட்டு, ரிப்பேரை, இன்னமும் ‘இதோ’ என்றே சொல்லிக்கொண்டிருந்த எதிர்க்கடைக்குக் கொடுத்தார்கள். மச்சினன் பகலெல்லாம் கடையிலேயே உட்கார்ந்திருந்தான். வாழ்க்கையிலேயே முதல்முறையாக எங்கேயும் தாமதமாகப் போகவில்லை.

வாரக் கடைசிக்குள் கூட்டம் திரும்பாவிட்டால் பேக்கேஜும் வேண்டாம், அதை எழுதினவரும் வேண்டாம் என்று முதலாளியம்மா சொல்லிவிட்டார். வேலை போவதைவிட, சரியாக ஓடும் நிரலுக்காக வேலை போவதுதான் கறாரை அரித்தது.

வெள்ளிக்கிழமை பேக்கேஜின் இணையப் பக்கத்தில் ஒரு புகார் வந்திருந்தது. எழுதியவர் எதிர்க்கடையின் கம்ப்யூட்டர்காரர். உங்கள் பேக்கேஜைப் பொருத்தியதிலிருந்து வாடிக்கையாளர்கள் நன்றி சொல்லிவிட்டு போனை வைத்துவிடுகிறார்கள், ஏதோ பிழை இருக்கிறது, உடனே கவனிக்கவும்.

கறார் அதை அப்படியே முதலாளியம்மாவிடம் காட்டினார். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார்.

“இவங்களுக்கு இது எப்படிக் கிடைச்சுது?”

“வெளியிட்டா யார் வேணாலும் எடுக்கலாம்மா.”

“நாம போய்க் கொடுக்கல?”

“அவங்களேதான் எடுத்துக்கிட்டாங்க.”

ஒரு நிரலைப் பார்த்து முதலாளியம்மா சிரித்தது அன்றுதான். “நம்ம கடையிலேருந்து அதைக் கழட்டிடுங்க” என்றார்.

கறாரின் முகம் தொங்கிப்போனது. “அப்ப நான்?”

“நீங்க எங்க போறீங்க? அவங்களுக்கு நேரம் தப்பில்லாமக் காட்டணும்ல. தினமும் உட்கார்ந்து பார்த்துக்குங்க. சம்பளத்தைப் பத்திக் கவலைப்படாதீங்க.”

கடையில் பழைய வழக்கம் திரும்பியது, கூட்டமும் திரும்பியது. மச்சினன் மறுபடி வாளிப் பக்கத்திலிருந்து போன் பேசலானான். கறார் தன் நாற்காலியில் அமர்ந்து, எதிர்க்கடைக்கு மிகுந்த பணிவோடு பதில் எழுதினார்: பிழை ஏதுமில்லை, துல்லியம் போதாமல் இருந்தது, சரிசெய்திருக்கிறேன்.