எதிரியைத் தெரியுமா?

அடி வாங்கியது நான். கை ஒடிந்தது எனக்கு. ஆனால் கேஸ் என்னுடையது இல்லையாம்! பரமத்தி கோர்ட் வாசலில் அண்ணனுடைய வக்கீல் இதைச் சொன்னபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சிவில் வழக்கா இருந்தா நீங்க வாதிங்க. வேண்டாம்னா வாபஸ் வாங்கிட்டுப் போயிரலாம். இது கிரிமினல். வழக்கு நடத்தறது அரசாங்கம். நீங்க முதல் சாட்சி, அவ்வளவுதான்."

"அடிச்சவரும் அடிபட்டவளும் ராசியாயிட்டமுங்க. அப்புறம் அரசாங்கத்துக்கு எங்கீங்க வலிக்குது?"

"வெறுங்கையில அடிச்சிருந்தாக்கூட சமாதானம் பேசிப் பார்க்கலாம். ஆயுதத்தால அடிச்சதுன்னு எழுதியாச்சே."

ஆயுதமாம். தோட்டத்து மம்பட்டிக் காம்பு அது. வெற்றிலைக் கொடிக்காலுக்கு யார் முதலில் தண்ணீர் பாய்ச்சுவது என்று வாய்க்கால் மேட்டில் நின்று நானும் அண்ணனும் கத்தினோம். நானும் ஒன்றும் வாயில்லாப் பூச்சி இல்லை. நான் ஒன்று சொல்ல, அவர் கையில் இருந்ததை ஓங்கிவிட்டார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் வலியோடு கிடந்தபோது போலீஸ்காரர் வந்து கேட்டார். சொன்னேன், கையெழுத்தும் போட்டேன்.

பிறகு என் மகள் வயதுக்கு வந்தாள். தாய்மாமன் இல்லாமல் சீர் எப்படி நடக்கும்? சீர்த்தட்டோடு வாசலில் வந்து நின்றவர், என் கையைப் பார்த்துவிட்டு அழுதார். நானும் அழுதேன். சண்டை அத்தோடு தீர்ந்தது, கேஸ்தான் தீரவில்லை. தண்டனை வந்தால் ஜெயில். அவர் ஓட்டும் அரசு பஸ் வேலையும் போய்விடும்.

"கால் வழுக்கி விழுந்துட்டேன்னு சொல்லிருங்க. பிறழ் சாட்சின்னு எழுதிக்குவாங்க, கேஸ் நிக்காது" என்றார் வக்கீல். அதாவது, சத்தியம் செய்துவிட்டுப் பொய் சொல்ல வேண்டும். உண்மையைச் சொன்னால் அண்ணன் குடும்பம் நடுத்தெருவில் நிற்கும். எந்தப் பக்கம் திரும்பினாலும் முட்டியது. சரி, பொய்யைச் சொல்லித் தொலைக்கலாம் என்று பெஞ்சில் உட்கார்ந்து வாய்க்குள்ளேயே சொல்லிச் சொல்லிப் பார்த்தேன்.

"எதிரி ஆஜரா?" என்று கூப்பிட்டார்கள். அண்ணன் எழுந்து போய்க் கூண்டில் நின்றார். குற்றம் சாட்டப்பட்டவரைக் கோர்ட்டில் அப்படித்தான் சொல்வார்களாம். எனக்குச் சுருக்கென்றது. ஆடிப்பெருக்குக்கு என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு காவிரிக்குப் போனவர், எதிரியாமே!

நான் சாட்சிக் கூண்டில் ஏறினேன். அரசு வக்கீல் கேட்டார்: "எதிரியை உங்களுக்குத் தெரியுமாம்மா?"

பாடம் பண்ணி வைத்ததெல்லாம் போயே போச்சு.

"எதிரி கிதிரின்னெல்லாம் சொல்லாதீங்க. அவரு எங்கண்ணனுங்க! ஏதோ கோவத்துல மம்பட்டிக் காம்புல ஒரு அடி அடிச்சுப்போட்டாரு. கூடப் பொறந்தவங்களுக்குள்ள நடக்காததுங்களா?"

அரசு வக்கீலுக்கு அதற்குமேல் கேட்க ஒன்றும் இல்லை. அண்ணனுடைய வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அடிப் பாவி, காப்பாற்றுகிறேன் என்று நானே பிடித்துக் கொடுத்துவிட்டேனே!

டைப் அடித்ததை வாசித்துக் காட்டினார்கள். "எதிரி என் அண்ணன். எதிரி மம்பட்டிக் காம்பால் என்னை அடித்தார்." நான் கெஞ்சியது எதுவும் அதில் இல்லை.

"நீங்க சொன்னதுதானே?" என்றார் நீதிபதி.

நான் சொன்னதுதான். கையெழுத்துப் போடப் பேனாவை வாங்கிக்கொண்டு அப்படியே நின்றேன். கூண்டுக்குள்ளிருந்து அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போடு சாமி" என்றார்.