ஒரு வீட்டுக்கு இரண்டு பாஸ்போர்ட்

1. ஜனவரியில் முசியே லூர்து எங்கள் டைவிங் கடைக்கு வந்து, செங்கடல் கரையில் உள்ள ஒரு நாட்டுக்குத் தனக்கும் மனைவிக்கும் டைவ் பயணம் ஏற்பாடு செய்யச் சொன்னார்.
2. அந்த நாட்டின் உட்பகுதியில் சண்டை நடந்துகொண்டிருந்தது. தங்கள் மக்கள் அங்கே போக வேண்டாம் என்று இந்திய அரசும் பிரெஞ்சு அரசும் அறிவித்திருந்தன. அங்குள்ள படகுக்காரர் மட்டும், சண்டை நிலத்தில்தான், கடல் அமைதியாக இருக்கிறது, வாருங்கள் என்று எழுதினார்.
3. போகலாமா வேண்டாமா என்று முடிவு செய்வதற்கான தாளை நான் தயாரித்தேன்.
4. அதில் இரண்டு கட்டங்களைத் தப்பாக நிரப்பினேன்.
5. ஒன்றைக் கண்டுபிடித்தவர் லூர்துவின் மனைவி அமுதா. இன்னொன்றை நானே சொல்ல வேண்டியிருந்தது.

இந்த சீசனில் மூன்று பேர் புதிதாக வேலைக்கு வருகிறார்கள். அவர்களுக்காக எழுதுகிறேன். நான் மெக்கானிக்கல் டிப்ளமா முடித்துவிட்டு, தண்ணீருக்கு அடியில் மூச்சு விட உதவும் ரெகுலேட்டர்களை சர்வீஸ் செய்ய இங்கே வந்தவள். ஏழு வருடம் ஆகிறது. இப்போது டைவ் கற்றுக்கொடுக்கவும் செய்கிறேன். நாட்டின் பெயரை எழுதவில்லை. அந்தப் படகில் வேலை செய்பவர்கள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள்.

தண்ணீரில் இருவர்

லூர்து, பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட எங்கள் ஊரிலிருந்து போய் பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அதனால்தான் முசியே (ஐயா) என்கிறோம். வீடு இங்கே சாரம் பகுதியில். இளம் வயதில் செங்கடலுக்குப் பக்கத்து முகாம் ஒன்றில் இரண்டு வருடம் இருந்தார். டியூட்டி முடிந்ததும் கரையில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்ப்பாராம். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கும் வசதி அப்போது அவருக்கு இல்லை. ஐம்பத்தெட்டு வயதில் எங்களிடம் வந்து டைவ் கற்றுக்கொண்டார்.

அமுதா அரசு மருத்துவமனையில் நர்ஸாக இருந்தவர். நாங்களும் சிஸ்டர் என்றே கூப்பிடுவோம். தண்ணீர் என்றால் பயம். இருந்தும், கணவருக்கு யாரோ தெரியாத ஆள் ஜோடியாக இறங்குவதைப் படகிலிருந்து இரண்டு வருடம் பார்த்துவிட்டு, பணி ஓய்வு பெற்ற அடுத்த மாதமே வந்து பெயர் கொடுத்தார். முதல் மாதத்தில் பயத்தில் மூன்று மவுத்பீஸைக் கடித்துக் கிழித்தார். மாற்றிக் கொடுத்தவள் நான்.

தண்ணீருக்கு அடியில் கட்டைவிரலை உயர்த்தினால் மேலே போவோம் என்று பொருள். யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் காட்டலாம். ஜோடி அதே சைகையைத் திருப்பிக் காட்டிவிட்டு உடன் ஏற வேண்டும். படகுக்கு வந்த பிறகும் ஏன் என்று கேட்கக் கூடாது என்பது எங்கள் கடை வழக்கம். கேட்டால் அடுத்த முறை பயந்தவர் விரலைத் தூக்கத் தயங்குவார். முதல் சீசனில் சிஸ்டர் பதினொரு முறை விரல் காட்டினார். பதினொரு முறையும் முசியே உடன் ஏறினார். தலை வெளியே வந்ததும் கேட்டும்விட்டார். என்ன ஆச்சு, காத்து நெறைய இருந்துச்சே, ஏன் ஏறச் சொன்ன? அவரைக் கண்டிப்பதே எனக்கு வேலையாகப் போயிற்று.

இப்போது அவருக்கு அறுபத்து நான்கு. வலது காது அழுத்தத்தைச் சரியாகத் தாங்குவதில்லை. இந்த சீசன் போகட்டும், அதற்குப் பிறகு டைவ் வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால், நிலைமை சரியானதும் போகலாமே என்று அவரிடம் சுலபமாகச் சொல்ல முடியாது. அவருக்கு அடுத்த வருடம் கிடையாது.

தாள்

எங்கள் கடையில் ஒவ்வொரு டைவுக்கும் முன் ஒரு தாள் நிரப்புவோம். காற்று, நீரோட்டம், கருவி, ஆள், அவசர வழி. எல்லாவற்றிலும் ‘ஆம்’ வந்தால்தான் படகு கிளம்பும். அதையே பயணத்துக்கு ஏற்றபடி விரித்து எழுதினேன். விசா, விமானம், படகு, இன்சூரன்ஸ், பாஸ்போர்ட், சேம்பர்.

கடை முதலாளி முருகன் அண்ணன் அதை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

“உன் லிஸ்ட்டைப் படிச்சா பக்கத்துல இருக்கிற வில்லியனூருக்குக்கூட எவனும் பஸ் ஏற மாட்டான்மா.”

சிரித்தேன். ஆனால் அந்தத் தாளில் ‘ஆம்’ வர வேண்டும் என்று நானும் விரும்பினேன். வழிகாட்டி என்ற இடத்தில் என் பெயர் இருந்தது. ஏழு வருடத்தில் நான் வெளிநாட்டுக் கடலில் இறங்கியதில்லை.

இன்சூரன்ஸ் கட்டத்தில் ‘இல்லை’ என்றுதான் எழுதினேன். அரசு போக வேண்டாம் என்று சொன்ன இடத்துக்கு அந்த பாலிசி செல்லாது. முசியே அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஏதாவது நடந்தால் பிரெஞ்சுத் தூதரகம் வெளியே கொண்டுவரும், முன்பே பதிவு செய்துகொள்ளலாம் என்றார். இன்சூரன்ஸுக்குப் பதில் அதுவே போதும் என்று நானும் ஏற்றுக்கொண்டேன். முசியேவின் பாஸ்போர்ட் நகல் மட்டும் என்னிடம் இருந்தது. அதை வைத்து இரண்டு பேருக்கும் சேர்த்து, ‘பாஸ்போர்ட்: பிரெஞ்சு’ என்று ஒரே வரியில் எழுதி முடித்தேன்.

மார்ச், நீச்சல் குளத்துப் பயிற்சிக்குப் பிறகு

ஒரு சாயங்காலம் மூவரும் கடை மேஜையில் உட்கார்ந்தோம். சிஸ்டர் ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே தாளை மேலிருந்து கீழாகப் படித்தார். மருந்துச் சீட்டைப் படிப்பது போல. பிறகு பையிலிருந்து தன் பாஸ்போர்ட்டை எடுத்து, கணவருடைய சிவப்பு அட்டைக்குப் பக்கத்தில் வைத்தார். நீல அட்டை.

அரசு வேலையை விட மனமில்லாமல் அவர் இந்தியப் பிரஜையாகவே இருந்துவிட்டார். இதை நான் யூகித்திருக்க வேண்டும். நான் இந்த ஊரில் பிறந்தவள். என் தெருவிலேயே ஒரு வீட்டுக்குள் இரண்டு நாட்டு பாஸ்போர்ட் வைத்திருக்கும் குடும்பங்கள் உண்டு. வெளியூர்க்காரி என்றால் கேட்டிருப்பாள். எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

தூதரகத்துக்காரன் பொண்டாட்டியை விட்டுட்டா என்னை ஏத்துவான், அவளையும் சேர்த்துத்தான் ஏத்துவான் என்றார் முசியே. நிச்சயமா என்று சிஸ்டர் கேட்டார். அப்படி எழுத்தில் எதுவும் என்னிடம் இல்லை. முசியே, தான் பார்க்காத கலவரமா என்று ராணுவக் கதை ஒன்றைத் தொடங்கினார். சிஸ்டர் அதை முடிக்க விட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“இந்தக் கடைசி வரி மட்டும் ஏன் பென்சில்ல இருக்கு?”

அது சேம்பர் வரி. டைவ் செய்தவர் உடம்பில் நைட்ரஜன் குமிழ்கள் தங்கிவிட்டால், அழுத்தச் சேம்பரில் வைத்துத்தான் சிகிச்சை தர வேண்டும். அந்த நாட்டில் வேலை செய்யும் சேம்பர் இல்லை. பக்கத்து நாட்டில் உண்டு. விமானம் வாரத்துக்கு இரண்டு முறைதான், எல்லை திறந்திருந்தால். அந்த நிலையில் ஆளை உயரத்தில் பறக்க வைப்பதும் ஆபத்து. இவ்வளவும் தெரிந்தே அங்கே ‘ஆம்’ என்று எழுதியிருந்தேன்.

“எனக்குப் போகணும்னு ஆசை சிஸ்டர். ‘இல்லை’ன்னு எழுத கை வரல.”

அவர் கோபிக்கவில்லை. பேனாவை எடுத்து என் பக்கம் நகர்த்தினார். அழித்துவிட்டு, மையால் ‘இல்லை’ என்று எழுதினேன்.

உள்ளே கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு அமுதா சிஸ்டர் கணவரைப் பார்த்து, மேஜைக்கு மேலே கையை நீட்டி, கட்டைவிரலை உயர்த்தினார்.

முசியே வாயைத் திறந்தார். வழக்கம்போல ஏன் என்று கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். மூடிக்கொண்டார். இரண்டு அட்டைகளையும் பார்த்தார். வலது காதை ஒருமுறை தடவினார். பிறகு தன் கட்டைவிரலை உயர்த்தித் திருப்பிக் காட்டினார்.

வாசலில் செருப்பு மாட்டும்போது, யாரும் கேட்காமலேயே சிஸ்டர் சொன்னார்.

“ஒண்ணா எறங்கத்தாங்க இந்த வயசுல கத்துக்கிட்டேன். நீங்க ஒரு வரிசை, நான் ஒரு வரிசைன்னு நிக்கறதுக்கு இல்ல.”

முசியே வண்டியை ஸ்டார்ட் செய்யாமல், அவர் ஏறி உட்காரும் வரை திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கற்றது

கட்டங்களை ஆளுக்குத் தனித்தனியாக நிரப்புங்கள், கணவன் மனைவியாக இருந்தாலும். தெரிந்த ஊர்க்காரர் என்பதற்காகக் கேள்வியை விடாதீர்கள். எந்தப் பயணத்தில் உங்களுக்கே ஆசை இருக்கிறதோ, அதன் தாளை வேறொருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

இப்போது உள்ள நிலைமை இது. அந்த நாட்டைப் பற்றிய அறிவிப்பு மாறவில்லை, திங்கள்தோறும் பார்க்கிறேன். முசியே லூர்து செங்கடலை உள்ளே இருந்து பார்க்கப் போவதில்லை. அது எங்கள் மூவருக்கும் தெரியும். ஏப்ரலில் மூவரும் அந்தமான் போகிறோம். அவருடைய கடைசி டைவில் சிஸ்டர்தான் ஜோடி. தாளில் பாஸ்போர்ட்டுக்கு இரண்டு வரி இருக்கிறது. கடையில் பென்சில் இல்லை.